மாய எண் கண்ட மாதரசி

கற்க விழைவோர்க்கு வாயில் எளிதில் திறப்பதில்லை. பெண்மக்களுக்கோ அவ்வாயில் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. அடைத்த கதவைத் தட்டித் திறந்த மாதர் சிலரே. அவர்தம் வரலாறு எந்நாட்டினதாயினும் நாம் அறியத்தக்கது.

திண்டுக்கல்லுக்கு அணித்தே, சிறுமலையின் சாரலை நோக்கி அமைந்திருப்பது காந்திகிராமம். அதனை 1947ஆம் ஆண்டில் நிறுவியவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். இளமையிலேயே கணவரை இழந்த அவர், வீட்டினுள் ஒடுங்கியிராது தில்லிக்குச் சென்று மருத்துவம் கற்றார். கற்ற கல்வியை நாட்டுப்புற மக்களின் நலத்திற்கு ஆக்கினார். அவர் காந்திகிராமத்தில் பணி தொடங்கிய அக்காலத்தில், கடல் பல கடந்த சிகாகோ நகரில், மற்றொரு மாதரசி ஒரு பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெறாமலே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உடலின் நோயை நாடினார் ஒருவர். உலகப் பொருள்களின் உள்ளமைப்பை நாடினார் மற்றவர். அவ்விரண்டாமவரே மரியா கோப்பர்ட் மேயர் அம்மையார்.

இளமையும் கல்வியும்

மரியா 1906ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த கட்டோவிட்ஸ் நகரம் அந்நாளில் செருமானியப் பேரரசில் இருந்தது. இந்நாளில் போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் பிரெடரிக் கோப்பர்ட் குழந்தை மருத்துவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் குடியில் தொடர்ந்து ஆறு தலைமுறையினர் பேராசிரியராக விளங்கினர். மரியா அவருக்கு ஒரே மகள். பெண் என்பதற்காகத் தன் வாழ்வை வீட்டளவில் சுருக்கிக்கொள்ளலாகாது என்று தந்தையார் மகளுக்கு இளமையிலேயே அறிவுறுத்தி வந்தார். அச்சொல் பசுமரத்தாணி போலச் சிறுமியின் உள்ளத்தில் பதிந்தது.

1910ஆம் ஆண்டில் அக்குடும்பம் கோட்டிங்கன் நகரில் குடியேறியது. கணிதத்திற்கும் இயற்பியலுக்கும் அந்நகரம் அக்காலத்தில் தாயகமாகத் திகழ்ந்தது. ஆனால் பெண்களைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆயத்தம் செய்த பள்ளி அங்கே ஒன்றே இருந்தது. முதல் உலகப்போருக்குப் பின்னர்ச் செருமனியில் பணத்தின் மதிப்பு வீழ்ந்தபோது, அப்பள்ளியும் மூடப்பட்டது. மரியா மனம் தளரவில்லை. ஓராண்டு முன்னதாகவே ஆனோவர் நகருக்குச் சென்று தேர்வெழுதித் தேறினார். 1924ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் புகுந்தார்.

கணிதம் கற்கவே அவர் சென்றார். மாக்ஸ் பார்ன் என்னும் பேரறிஞரின் வகுப்பு அவரை இயற்பியலுக்கு ஈர்த்தது. 1930ஆம் ஆண்டில் டாக்டர் பட்டத்திற்குரிய ஆய்வுரையை அவர் அளித்தார். ஓர் அணு இரண்டு ஒளித்துகள்களை ஒருசேர விழுங்கக்கூடும் என்பது அவ்வுரையின் முடிபு. அதனைச் சோதித்துப் பார்க்கும் கருவி அன்று உலகில் இல்லை. லேசர் ஒளி கண்டறியப்பட்ட பின்னர், 1961ஆம் ஆண்டில் அம்முடிபு மெய்யெனத் தெளிவாயிற்று. எழுதுகோலும் தாளும் கொண்டு இளம்பெண் ஒருத்தி கணித்தது, முப்பதாண்டு கழித்துக் கண்ணெதிரே நிகழ்ந்தது.

ஊதியமற்ற உழைப்பு

அவ்வாண்டிலேயே மரியா, ஜோசப் மேயர் என்னும் அமெரிக்க வேதியியலறிஞரை மணந்து அமெரிக்கா சென்றார். கணவருக்குப் பால்டிமோர் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கொடுப்பதில்லை என்பது அக்காலப் பல்கலைக்கழகங்களின் வழக்கம். ஆகவே, தேர்ந்த புலமை வாய்ந்த அம்மையாருக்கு அங்கே இருக்க ஓர் அறையும், செருமானிய மொழிக் கடிதங்களுக்கு உதவுவதற்கெனச் சிறு தொகையுமே கிடைத்தன. பின்பு நியூயார்க்கு நகரத்துப் பல்கலைக்கழகத்திற்குக் கணவர் மாறியபோதும் அம்மையாரின் நிலை மாறவில்லை.

ஊதியம் இல்லையே என்று அவர் ஓய்ந்திருந்தாரா? இல்லை. பாடம் கற்பித்தார், கட்டுரைகள் வெளியிட்டார், இரு மக்களைப் பெற்று வளர்த்தார், கணவருடன் சேர்ந்து 1940ஆம் ஆண்டில் ஓர் அரிய பாடநூலை வெளியிட்டார். 1941ஆம் ஆண்டில்தான், ஒரு பெண்கள் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியராக அவருக்கு முதன்முதலில் முறையான ஊதியம் கிடைத்தது. 1946ஆம் ஆண்டில் சிகாகோ சென்றபோது, அங்கிருந்த பல்கலைக்கழகம் ஊதியமில்லாத துணைப் பேராசிரியர் பதவியை அளித்தது. அருகே புதிதாகத் தோன்றிய ஆர்கோன் ஆய்வுக்கூடம் அரைநாள் வேலை தந்து ஊதியமும் அளித்தது. அணுக்கருவைப் பற்றித் தமக்கு மிகுதியாகத் தெரியாதே என்று அம்மையார் தயங்கினார். தயங்கிய அவரே அத்துறையின் பெரும்புதிரை விடுவித்தார்.

புதிரும் அதன் வரலாறும்

அணுவின் நடுவே அணுக்கரு உள்ளது. அதில் புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்கள் உள்ளன. புரோட்டான்களின் எண்ணிக்கையே ஒரு தனிமம் இன்னதென வரையறுப்பது. எட்டுப் புரோட்டான் உடையது ஆக்சிஜன். ஐம்பது உடையது வெள்ளீயம். புரோட்டான் எண்ணிக்கை மாறாது, நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபட்டு நிற்கும் அணுக்கள் ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள் எனப்படும்.

தனிமங்கள் எவ்வாறு தோன்றின என்பதை அம்மையார், எட்வர்ட் டெல்லர் என்னும் அறிஞருடன் ஆராயத் தொடங்கினார். உலகில் எத்தனிமம் மிகுதி, எது குறைவு என்று பட்டியலிட்டபோது ஒரு வியப்பு வெளிப்பட்டது. புரோட்டானோ நியூட்ரானோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் எண்ணிக்கையில் அமைந்த அணுக்கருக்கள் ஏனையவற்றினும் உறுதியாக இருந்தன. ஐம்பது புரோட்டான் உடைய வெள்ளீயத்திற்கு நிலைத்த ஐசோடோப்புகள் பத்து. அதன் அண்டைத் தனிமமாகிய, ஐம்பத்தொரு புரோட்டான் உடைய ஆன்டிமனிக்கு இரண்டே. யுரேனியமும் தோரியமும் படிப்படியாகச் சிதைந்து இறுதியில் ஈயமாகி அமைதியுறுகின்றன. ஈயத்தின் புரோட்டான்கள் 82. அதன் ஐசோடோப்புகளுள் மிகுதியானதில் நியூட்ரான்கள் 126.

இவ்வெண்கள் சிலவற்றை எல்சாசர் என்பவர் 1930ஆம் ஆண்டுகளிலேயே கண்டு கூறினார். ஆயினும் அவர் சொல் எடுபடவில்லை. அணுக்கரு ஒரு நீர்த்துளி போன்றது என்னும் கொள்கை அப்போது ஓங்கியிருந்தது. நீர்த்துளியில் அடுக்கு ஏது, வரிசை ஏது? ஆதலின், இவ்வெண்களுக்கு யூஜின் விக்னர் என்னும் அறிஞர் சற்று எள்ளல் தோன்ற மாய எண்கள் என்று பெயரிட்டார். அம்மையாரோ சான்றுகளை ஒவ்வொன்றாகத் திரட்டி, 1948ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். எண்கள் மெய் என்பது உறுதியாயிற்று; காரணம் மட்டும் விளங்கவில்லை.

திண்டுக்கல் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்திறங்கும் வெங்காயத்தை உரித்தால், மடல்மேல் மடலாக இருப்பதைக் காண்கிறோம். அணுக்கருவின் துகள்களும் ஆற்றல் அளவில் அவ்வாறு அடுக்கடுக்கான கூடுகளில் அமைந்திருக்க வேண்டும் என்று அம்மையார் கருதினார். இக்கருத்தால் அவரை வெங்காயத்தின் அன்னை என்னும் பொருள்பட வோல்ப்காங் பௌலி என்னும் அறிஞர் நகைச்சுவையாக அழைத்தார். ஒரு கூடு நிறைந்துவிட்டால், அடுத்த துகள் உயர்ந்த படியொன்றில் ஏற வேண்டும். படியின் உயரம் மிகுந்தால் ஏறுவது அரிது. அதனால் நிறைந்த கூட்டையுடைய அணுக்கரு எளிதில் கலங்காது நிற்கும். இதுவே மாய எண்ணின் பொருள். ஆனால் இம்முறையில் கணக்கிட்டால் 2, 8, 20 வரையில் சரியாக வந்தது. அதன்பின் 40, 70, 112 என வந்தது. இயற்கை காட்டியதோ 28, 50, 82, 126. கணக்கு எங்கே தவறியது?

திறவுகோல்

திண்டுக்கல்லின் கைவினைஞர் செய்யும் பூட்டு அதற்குரிய சாவிக்கன்றிப் பிறிதொன்றிற்கும் திறவாது. இப்புதிரும் அத்தகையதே. ஒரு நாள் அம்மையார் தம் இடர்ப்பாட்டை என்ரிக்கோ பெர்மி என்னும் பேரறிஞரிடம் உரைத்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அழைப்பு வந்ததென்று பெர்மி எழுந்தார். அறையை விட்டு வெளியேறுமுன், துகளின் தற்சுழற்சிக்கும் அது சுற்றிவரும் இயக்கத்திற்கும் இடையே தொடர்பு இருப்பதற்குச் சான்று உண்டா என்று கேட்டுவிட்டுச் சென்றார். அவ்வொரு வினாவே சாவியாயிற்று. பல திங்கள் அவ்வெண்களோடே வாழ்ந்திருந்த அம்மையாரின் உள்ளத்தில் எல்லாம் ஒருங்கே தெளிவாயின. பெர்மி திரும்பி வருவதற்குள் விடை முழுவதும் கைவந்துவிட்டது.

அவ்விடை யாது? துகள் ஒவ்வொன்றும் அணுக்கருவினுள் சுற்றி வருகிறது. தன்னைத் தானேயும் சுழல்கிறது. இதனைத் தம் மகளுக்கு விளக்குங்கால், இணை இணையாகச் சுழன்றாடும் மேனாட்டு நடனத்தை அம்மையார் எடுத்துக்காட்டினார் என்பர். நம் நாட்டுப் பிள்ளைகள் கோலாட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். வட்டமாகச் சுற்றி வரும் பெண்கள், வட்டம் செல்லும் திசையிலேயே தாமும் சுழன்றால் ஆட்டம் எளிது. எதிர்த்திசையில் சுழன்றால் முயற்சி மிகுதி. அணுக்கருவிலும் ஒத்த திசையில் சுழலும் துகளின் ஆற்றல் தாழ்ந்து, அது உறுதியாகப் பிணைந்து நிற்கும். எதிர்த்திசையில் சுழலும் துகளின் ஆற்றல் உயர்ந்து, பிணைப்புத் தளரும். ஆகவே, ஒன்றாக இருந்த படி இரண்டாகப் பிளக்கிறது. அப்பிளவைச் சேர்த்துக் கணக்கிட்டால் 28, 50, 82, 126 என்னும் எண்கள் பிசகின்றி வந்து நிற்கின்றன.

இக்கட்டுரை 1949ஆம் ஆண்டில் வெளிவந்தது. வினாவைத் தந்த பெர்மிக்கு அம்மையார் அதில் நன்றி கூறினார். அதே ஆண்டில் செருமனியில் ஹான்ஸ் யென்சனும் அவருடன் இருவரும் தனித்து ஆராய்ந்து இதே முடிபைக் கண்டு வெளியிட்டனர். முந்தியவர் யார் என்று வழக்காடுதல் உலக இயல்பு. இவ்விருவரோ 1950ஆம் ஆண்டில் சந்தித்து நண்பராயினர். 1955ஆம் ஆண்டில் அணுக்கருக் கூடு அமைப்பைப் பற்றி இருவரும் இணைந்து ஒரு நூலையே இயற்றினர். கூடு நிறைவதற்கு ஒரு துகள் குறைந்த நிலைக்கும், கூட்டில் ஒரு துகளே உள்ள நிலைக்கும் உள்ள தொடர்பை 1956ஆம் ஆண்டில் நம் நாட்டு அறிஞர் சுதிர் பாண்டியா வகுத்துக் காட்டினார். அத்தொடர்பு அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது.

காலம் தாழ்ந்த சிறப்பு

1960ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரில் அம்மையார் முழு ஊதியம் பெறும் பேராசிரியராக அமர்ந்தார். டாக்டர் பட்டம் பெற்று அப்போது முப்பது ஆண்டுகள் சென்றிருந்தன. அங்குச் சென்ற சில நாளிலேயே வாதநோய் தாக்கியது. ஆயினும் கற்பித்தலையும் ஆராய்தலையும் அவர் விடவில்லை.

1963ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதி விக்னருக்கும், மற்றொரு பாதி அம்மையாருக்கும் யென்சனுக்குமாக வழங்கப்பட்டது. மாய எண் எனப் பெயரிட்டவரும், மாயத்தை விடுவித்தவரும் ஒரே மேடையில் நின்றனர். 1903ஆம் ஆண்டில் மேரி கியூரி அம்மையார் பெற்றபின், இயற்பியலில் அப்பரிசு பெற்ற இரண்டாம் பெண்மணி இவரே. இடையே கழிந்தவை அறுபது ஆண்டுகள். மூன்றாம் பெண்மணி அதனைப் பெற 2018ஆம் ஆண்டுவரை உலகம் காத்திருந்தது. அம்மையார் பரிசு பெற்ற செய்தியை அவ்வூர்ச் செய்தித்தாள் ஒன்று, தாய் ஒருவர் நோபல் பரிசு பெற்றார் என்னும் பொருள்படவே தலைப்பிட்டு வெளியிட்டது. அறிவுக்கு உரிய பெயரை அறிவென்று சொல்ல உலகம் அன்றும் பழகவில்லை. 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார்.

விதியும் அதன் எல்லையும்

அம்மையார் ஆராய்ந்த அணுக்கருக்கள் பெரும்பாலும் இயற்கையில் நிலைத்திருப்பவை. அவற்றில் புரோட்டானும் நியூட்ரானும் ஓரளவு ஒத்த விகிதத்தில் இருக்கும். நியூட்ரான் அளவுக்கு மிஞ்சிய ஐசோடோப்புகள் கண் இமைக்கும் நேரத்திலும் குறைந்த காலமே வாழ்வன. பெரும்பொறிகளின் துணையால் அவற்றை உண்டாக்கி ஆராயும் ஆற்றல் பின்னரே வாய்த்தது. அப்போது ஒரு வினா எழுந்தது: மாய எண்கள் அங்கும் மாறாது நிற்குமா?

அம்மையார் மறைந்த மூன்றாம் ஆண்டில், அதாவது 1975இல், ஐரோப்பிய ஆய்வாளர் சோடியத்தின் ஐசோடோப்புகளை நிறுத்துப் பார்த்தனர். உப்பில் உள்ள சோடியத்தில் நியூட்ரான் 12. அவர்கள் உண்டாக்கிய சோடியத்தில் நியூட்ரான் 20. அது மாய எண். ஆனால் அவ்வெண்ணுக்குரிய இயல்பு அங்குக் காணப்படவில்லை. 12 புரோட்டானும் 20 நியூட்ரானும் உடைய மெக்னீசியமும் அவ்வாறே பிறழ்ந்தது. நெல்லிக்கனி போல உருண்டிருக்க வேண்டிய அணுக்கரு, ஈச்சங்காய் போல நீண்டிருந்தது. உயர்ந்த படி தாழ்ந்து போனமையால், நியூட்ரான்கள் அதனைத் தாண்டி ஏறிவிட்டன.

பின்னும் பல வியப்புகள் வெளிப்பட்டன. 8 புரோட்டானும் 16 நியூட்ரானும் உடைய ஆக்சிஜன் மாய எண் பெற்றதுபோல் உறுதி காட்டியது. 8 புரோட்டானும் 20 நியூட்ரானும் உடைய ஆக்சிஜன் இருவகையிலும் மாய எண் உடையது. ஆயினும் 2023ஆம் ஆண்டில் சப்பானில் அதனை உண்டாக்கிக் கண்டபோது, அது நிலைகொள்ளாமல் நான்கு நியூட்ரான்களை உதிர்த்துவிட்டது. கால்சியத்தில் 32, 34 என்னும் நியூட்ரான் எண்கள் புதிய மாய எண்களாக விளங்குவதை 2013ஆம் ஆண்டின் ஆய்வுகள் காட்டின. எல்லா இடத்தும் பழைய எண்கள் பொய்த்தன என்றும் கூறலாகாது. 28 புரோட்டானும் 50 நியூட்ரானும் உடைய நிக்கலில் அவ்விரண்டு எண்களும் உறுதியாக நிற்பதை 2019ஆம் ஆண்டில் கண்டனர்.

இம்மாற்றத்தின் காரணத்தைச் சப்பானிய அறிஞர் ஒட்சுகாவும் உடனாய்வோரும் 2001ஆம் ஆண்டு முதல் விளக்கி வந்தனர். கோலாட்டத்தில் எதிரெதிராகச் சுழல்வோரின் கோல்கள் ஒன்றோடொன்று தட்டி இசைவது போல, ஒத்த திசையில் சுழலும் புரோட்டானும் எதிர்த்திசையில் சுழலும் நியூட்ரானும் ஒன்றையொன்று மிகுதியாக ஈர்க்கின்றன. 14 புரோட்டான் உடைய சிலிக்கனில், அத்தகைய புரோட்டான்கள் ஆறு ஓரிடத்தில் நிறைந்து, தமக்கு இணையான நியூட்ரான்களைத் தாழ்ந்த படியில் பிடித்து நிறுத்துகின்றன. ஆகவே அங்கு 20 என்னும் எண் மாய எண்ணாகவே நிற்கிறது. ஆக்சிஜனில் அவ்விடம் வெறுமை. பிடிப்பார் இன்மையால், நியூட்ரானின் படி மேலெழுகிறது. 20க்கு மேல் இருந்த இடைவெளி 16க்கு மேல் சென்று அமைகிறது.

இதனால் அம்மையாரின் கொள்கை வீழ்ந்ததா? இல்லை. அவர் கண்டவை எண்கள் மட்டும் அல்ல. எண்களின் காரணமும் ஆகும். சுழற்சியின் திசையால் படி பிளக்கிறது என்னும் அக்காரணமே புதிய மாற்றத்தையும் விளக்குவதற்கு அடிப்படையாயிற்று. எண் இடத்திற்கேற்ப மாறியது, காரணம் நிலைத்தது.

இவ்வாராய்ச்சி வெறும் எண்விளையாட்டு அன்று. நாம் அணியும் பொன், நியூட்ரான்களை மிகுதியாக விழுங்கிய அணுக்கருக்கள் விண்ணிலே விரைந்து தோன்றிச் சிதைந்ததனால் உண்டானது. நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதியதை அறிஞர்கள் 2017ஆம் ஆண்டில் கண்டபோது, இதற்கு நேர்ச்சான்று கிடைத்தது. அவ்வணுக்கருக்கள் மாய எண்களை எய்தும்போது தயங்கி நிற்கும். தயங்கும் இடத்தில் குவிவதனாலேயே பொன்னும் பிளாட்டினமும் மிகுந்தன. மாய எண்கள் எங்கே நிலைக்கும், எங்கே மாறும் என்று அறிந்தாலன்றி அக்கணக்கு நிறைவுறாது. தனிமங்களின் தோற்றத்தை அறியவே அம்மையார் அந்நாளில் புறப்பட்டார். அவர் தொடங்கிய அவ்வழியிலேதான் இன்றைய ஆய்வாளரும் செல்கின்றனர்.

பதவி தந்தால்தான் பணி செய்வேன் என்று மரியா மேயர் அம்மையார் கூறியிருப்பின், இவ்வழி திறக்கக் காலம் நெடிது சென்றிருக்கும். அவருக்கு ஊதியம் மறுத்தது உலகத்தின் குறை. அதனைப் போற்றத்தக்க தியாகம் என்று கூறி அக்குறையை நாம் மறைத்தல் தகாது. அத்தகைய குறை இனி ஒருவர்க்கும் நேராதவாறு காப்பது கற்றோர் கடன். அமெரிக்க இயற்பியலாளர் சங்கம் 1986ஆம் ஆண்டு முதல் அம்மையாரின் பெயரால் இளம் பெண் அறிஞர்க்குப் பரிசு வழங்கி வருதல் அக்கடனை ஆற்றும் ஒரு முறையாகும். நம் ஊர்ப் பள்ளிகளில் அறிவியல் கற்கும் ஒவ்வொரு மாணவியும் அக்கடனைக் கேட்டுப் பெறும் உரிமை உடையவளே.